மாநிலப் போலீஸ் காரை நிறுத்தினால்: எந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது, எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்

"டெக்சாஸ்ல எஸ்.பி. 4 வந்துடுச்சாம், இனிமே ரோட்டுல போற போலீஸ்காரரே பேப்பர் கேப்பாராம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். கொஞ்ச நேரத்தில், "இல்லப்பா, கோர்ட் நிறுத்திடுச்சு" என்று இன்னொன்று வரும். எஸ்.பி. 4 என்பது டெக்சாஸின் குடியேற்றச் சட்டம் (எஸ்.பி. என்றால் மாநில செனட் மசோதா, எச்.பி. என்றால் கீழ்ச்சபை மசோதா). 2024 மார்ச் 19 அன்று இரண்டு செய்தியுமே உண்மையாக இருந்தன. அன்று பகலில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டதால் சட்டம் சில மணி நேரம் நடப்புக்கு வந்தது. அன்றிரவே ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுபடி நிறுத்தியது.

அமெரிக்காவில் யார் உள்ளே வரலாம், யார் இருக்கலாம் என்று தீர்மானிப்பது ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு. அந்தக் குடியேற்றச் சட்டத்தை மாநிலப் போலீஸும், கவுண்டி (மாவட்டம் போன்றது) காவல் தலைவரான ஷெரிஃபும் எவ்வளவு தூரம் கையில் எடுக்கலாம் என்பதுதான் பல வருடமாக ஓயாத சண்டை. எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர் குடும்பத்துக்கு), எஃப்-1 (மாணவர்), கிரீன் கார்டு, பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர் என்று முறையாக வந்த நம்மவர்கள் பலர், "இது நமக்கில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. சாலையோரத்தில் நிற்கும் அதிகாரிக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. தாளைப் பார்த்துத்தான் தெரியும்.

2011 நவம்பரில் அலபாமாவின் டஸ்கலூசாவில் இதுதான் நடந்தது. எச்.பி. 56 என்ற கடுமையான மாநிலச் சட்டம் அப்போதுதான் நடப்புக்கு வந்திருந்தது. வாடகைக் காரில் நம்பர் பிளேட் சரியில்லை என்று போலீஸ் நிறுத்தியது. ஓட்டியவர் மெர்சிடீஸ் நிறுவனத்தின் ஜெர்மன் மேலாளர். கையில் இருந்தது ஜெர்மன் அடையாள அட்டை மட்டும். கைது செய்து கூட்டிப்போனார்கள். உடன் இருந்தவர் ஹோட்டலிலிருந்து பாஸ்போர்ட், விசா, ஜெர்மன் ஓட்டுநர் உரிமம் எல்லாம் எடுத்துவந்து காட்டிய பிறகே விட்டார்கள். எல்லாத் தாளும் இருந்தது, ஆனால் ஹோட்டல் அறையில் இருந்தது.

சட்டம் நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது

முதலில் மசோதாவின் எண்ணோடு ஆண்டையும் பாருங்கள். டெக்சாஸில் குடியேற்றம் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட எஸ்.பி. 4 உண்டு. 2017இல் வந்தது, ஐ.சி.இ. (ஃபெடரல் குடியேற்ற அமலாக்கத் துறை) கேட்டால் கைதியைப் பிடித்துவைத்திருக்க வேண்டும் என்று கவுண்டி சிறைகளைக் கட்டாயப்படுத்துவது. 2018இல் ஐந்தாவது சர்க்யூட் அதன் பெரும்பகுதியைச் செல்லும் என்றது. 2023 டிசம்பரில் ஆளுநர் ஆபட் கையெழுத்திட்டது வேறு. எல்லையைக் கள்ளத்தனமாகக் கடப்பதை அது மாநிலக் குற்றமாக்கி, மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்ப மாநில நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. ஃபார்வர்டு செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக்கிடக்கும்.

அடுத்து, கையெழுத்தான தேதியும் நடப்புக்கு வரும் தேதியும் ஒன்றல்ல. மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா எண்ணைத் தட்டினால் முழு வாசகம் கிடைக்கும். நடப்புத் தேதி பெரும்பாலும் கடைசிப் பிரிவில் இருக்கும்.

மூன்றாவதாக நீதிமன்ற நிலை. இங்கேதான் தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். நமக்கு "ஸ்டே" என்றால் சட்டம் நின்றுபோனது என்று அர்த்தம். சென்னை உயர் நீதிமன்றச் செய்தி படித்துப் படித்து வந்த பழக்கம் அது. அமெரிக்கச் செய்தியில் சட்டத்தை நிறுத்துவது பெரும்பாலும் "இன்ஜங்ஷன்" என்ற தடை உத்தரவு. மேல் நீதிமன்றம் அந்தத் தடைக்கே "ஸ்டே" கொடுத்தால் தடை விலகி, சட்டம் உயிர்பெறும். 2024 பிப்ரவரி 29 அன்று ஆஸ்டினில் நீதிபதி டேவிட் எஸ்ரா எஸ்.பி. 4-க்குத் தடை போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ஸ்டே செய்தது. மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஸ்டேவில் தலையிட மறுத்ததால் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவில் மேல்முறையீட்டு நீதிமன்றமே ஸ்டேவை விலக்கிக்கொண்டதால் சட்டம் நின்றது. எனவே "ஸ்டே" என்ற சொல்லைப் பார்த்தவுடன் "எதற்கு ஸ்டே?" என்று கேளுங்கள். வழக்கு அதோடு முடியவுமில்லை. நீங்கள் இதைப் படிக்கும் நாளில் நிலை என்ன என்பதை இதே வழியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, பிரிவு பிரிவாகப் பாருங்கள். அரிசோனாவின் எஸ்.பி. 1070 பற்றி 2012 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, நான்கு பிரிவுகளில் மூன்று செல்லாது என்றது. தாள் வைத்திருக்காததை மாநிலக் குற்றமாக்கியது போயிற்று. அனுமதியில்லாமல் வேலை தேடுவதைக் குற்றமாக்கியது போயிற்று. நாடுகடத்தத் தக்கவர் என்று நினைத்தாலே வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்றதும் போயிற்று. ஆனால் 2(பி) பிரிவை அன்று நீதிமன்றம் நிறுத்தவில்லை. வேறு காரணத்துக்காக முறைப்படி நிறுத்திய ஒருவரின் குடியேற்ற நிலை மேல் நியாயமான சந்தேகம் வந்தால் போலீஸ் முடிந்தவரை அதை விசாரிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. "சட்டம் ரத்து" என்ற தலைப்பை மட்டும் படித்தவருக்குக் கார் ஓட்டும்போது உதவக்கூடிய அந்த ஒரே தகவல் கிடைத்திருக்காது. மாநில அட்டர்னி ஜெனரலின் அறிக்கையும் எதிர்த்த அமைப்பின் அறிக்கையும் அவரவர் வெற்றியைத்தான் பேசும். நேராக நீதிமன்ற உத்தரவின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். எந்தப் பிரிவு நிற்கிறது, எது விழுந்தது என்று அங்கே இருக்கும்.

மாநிலத்தோடு கவுண்டியையும் பாருங்கள்

ஃபெடரல் சட்டத்தில் 287(ஜி) என்ற பிரிவு 1996இல் வந்தது. அதன்படி ஐ.சி.இ.யோடு ஒப்பந்தம் போட்ட உள்ளூர் போலீஸோ ஷெரிஃபோ சில குடியேற்ற வேலைகளைத் தாங்களே செய்யலாம். இதில் மூன்று வகை. சிறைக்கு வந்தவரை மட்டும் விசாரிப்பது ஒன்று. சிறைக்குள் ஐ.சி.இ. வாரன்டைக் கொடுப்பது மட்டும் இன்னொன்று. மூன்றாவது, தெருவிலேயே விசாரிக்கும் டாஸ்க் ஃபோர்ஸ். 2012இல் கைவிட்ட இந்த மூன்றாவது வகை 2025இல் திரும்ப வந்திருக்கிறது. எந்தக் கவுண்டி எந்த வகையில் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் ஐ.சி.இ. இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் கவுண்டியைத் தேடி, வகை என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் தெரு மாறினால் காலின் கவுண்டி டென்டன் கவுண்டியாகிவிடும். எனவே வீட்டு முகவரியை மட்டும் பார்க்காமல் ஆபீஸ் போகும் வழியையும் பாருங்கள். ஜார்ஜியாவில் 2024இன் எச்.பி. 1105, சிறைக்கு வந்தவரின் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கச் சிறைகளைக் கட்டாயப்படுத்துகிறது. நேரெதிராக, கலிபோர்னியாவின் எஸ்.பி. 54, 2018 ஜனவரி முதல், ஐ.சி.இ. கேட்டதற்காக மட்டும் ஒருவரைக் கூடுதலாகச் சிறையில் வைத்திருப்பதைத் தடுக்கிறது. நியூ ஜெர்சியில் 2018இல் அட்டர்னி ஜெனரல் போட்ட உத்தரவும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இப்படி ஐ.சி.இ.க்கு உதவ மறுக்கும் மாநிலங்கள் நிற்கும் தளம் 1997இன் பிரிண்ட்ஸ் தீர்ப்பு. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும்படி உள்ளூர் ஷெரிஃபை ஃபெடரல் அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது அது. துப்பாக்கி வழக்கில் பிறந்த அந்தக் கொள்கையைத்தான் கலிபோர்னியா குடியேற்றத்தில் பயன்படுத்துகிறது. மாநில அரசே கட்டாயப்படுத்தினால் அதன் கீழுள்ள கவுண்டிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. டெக்சாஸ் 2017இல் செய்தது அதைத்தான்.

கையில் வைத்திருக்க வேண்டியது

18 வயது நிறைந்த வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய ஃபெடரல் சட்டம். மீறினால் அபராதமோ 30 நாள் வரை சிறையோ கிடைக்கலாம். கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை உள்ளவர்கள் அசலையே வைத்திருக்க வேண்டும், ஜெராக்ஸ் போதாது. மற்றவர்களுக்கு அந்தச் சான்று ஐ-94 என்ற வருகைப் பதிவு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா அல்ல. விசா என்பது உள்ளே வரக் கேட்கும் அனுமதி. எவ்வளவு நாள் இருக்கலாம் என்று சொல்வது ஐ-94தான். விசா முடிந்தும் ஐ-94 செல்லுபடியானால் நீங்கள் முறையாகத்தான் இருக்கிறீர்கள். விசாவில் இன்னும் இரண்டு வருடம் இருந்தும் ஐ-94 முடிந்திருந்தால் சிக்கல்.

சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு கொடுத்தால் கிடைக்கும். காசு வேண்டாம். விமானம் இறங்கிய அந்த வாரத்திலேயே எடுங்கள். இதில் மூன்று இடத்தில் தவறு நடக்கிறது.

ஒன்று, பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. அப்பா பெயரை முன்னும் பின்னும் போட்டுத் தேடி, "பதிவு இல்லை" என்று வந்ததும் பலர் பயந்துபோகிறார்கள். முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுத் தேடுங்கள். கிடைத்ததும் ஐ-94, ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை மூன்றிலும் பெயர் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ரோந்துக் காரின் கணினியில் ஒரு பெயருக்கு இன்னொரு பெயர் பொருந்தாமல் போனால்தான் ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேரம் இழுக்கும்.

இரண்டு, தேதி. எச்-1பி ஒப்புதல் மூன்று வருடத்துக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிவதாக இருந்தால் விமான நிலையத்தில் பெரும்பாலும் பாஸ்போர்ட் தேதி வரைதான் ஐ-94 கொடுப்பார்கள். புதுப் பாஸ்போர்ட் வாங்கினால் அந்தத் தேதி தானாக நீளாது. அது முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வெளியே போய்ப் புதுப் பாஸ்போர்ட்டோடு திரும்பி வர வேண்டும். வேலைக்குப் போகிறவருடையதைப் பார்த்துவிட்டு எச்-4 மனைவி, பிள்ளைகளுடையதைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொருவருக்கும் தனித் தேதி. அதிகாரி தவறாகப் பதிந்த தேதி என்றால் 'டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன்' அலுவலகத்தில் திருத்துவார்கள்.

மூன்று, நீட்டிப்பு நிலுவையில் இருக்கும் காலம். உள்நாட்டிலேயே நீட்டித்தால் புது ஐ-94 என்பது ஒப்புதல் கடிதமான ஐ-797ஏயின் அடியில் அச்சாகி வரும். இணையதளத்தில் பழையதுதான் தெரியும். ஒப்புதல் வரும்வரை கையிலிருக்கும் ஐ-94 முடிந்துபோனதுபோலத் தோன்றும். அந்த மாதங்களில் பழைய ஐ-94 நகலோடு ஐ-797சி ரசீதையும் மடித்துப் பர்ஸில் வையுங்கள். எச்-1பி நீட்டிப்பைத் தேதிக்கு முன் போட்டிருந்தால் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலை செய்யலாம். ஆனால் ஓட்டுநர் உரிமம் பழைய ஐ-94 தேதியிலேயே முடிந்திருக்கும். சில மாநிலங்களில் ரசீதைக் காட்டினால் உரிமத்தைத் தற்காலிகமாக நீட்டித் தருவார்கள். கேட்காமல் முடிந்த உரிமத்தோடு ஓட்டாதீர்கள். முறையாக இருக்கும் ஒருவர் கவுண்டி சிறை வாசலை மிதிக்கப் பெரும்பாலும் காரணமாவது இதுதான். ஜார்ஜியாவில் உரிமமில்லாமல் ஓட்டினால் கைதே செய்யலாம். சிறைக்குப் போனால் கைரேகை எஃப்.பி.ஐ. வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தானாகப் போகும். மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் அது போகும்.

மாணவர்களுக்கு ஐ-94இல் தேதிக்குப் பதில் டி/எஸ் (மாணவர் நிலை நீடிக்கும்வரை இருக்கலாம்) என்று இருந்தால், கல்லூரி தரும் சான்றான ஐ-20ஐயும் சேர்த்து வைத்திருங்கள். எச்-4 பிள்ளைக்கு இங்கே 14 வயது நிறைந்தால் 30 நாளுக்குள் மறுபதிவும் கைரேகையும் உண்டு. வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏ.ஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் அனுப்ப வேண்டும். கணினியில் பத்து நிமிட வேலை, நிறையப் பேர் செய்வதில்லை.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குத் தனியாக ஒன்று. காலையில் நடக்கப் போகும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசனில், மகன் வீட்டுக்கு வந்திருந்த ஆங்கிலம் தெரியாத குஜராத்திப் பெரியவர் ஒருவரை நடந்துபோகும்போது போலீஸ் நிறுத்தித் தரையில் சாய்த்ததில் அவருக்கு உடல் ஓரளவு செயலிழந்தது. அது குடியேற்ற வழக்கு அல்ல, யாரோ சந்தேகப்பட்டுக் கூப்பிட்டதால் வந்தது. ஆனால் அந்தப் பெரியவர் இடத்தில் நம் வீட்டுப் பெரியவர் எவரும் இருந்திருக்கலாம். பெயர், வீட்டு முகவரி, பிள்ளையின் கைபேசி எண், "தமிழ் மட்டுமே தெரியும்" என்ற ஆங்கில வரி, இவ்வளவும் உள்ள அட்டை ஒன்றை லேமினேட் செய்து, ஐ-94 அச்சுப் பிரதியோடு சட்டைப் பையிலோ பர்ஸிலோ வையுங்கள். போலீஸ் கூப்பிட்டால் அப்படியே நிற்க வேண்டும், பையில் கைவிடக் கூடாது, விரலால் காட்டினால் போதும் என்று ஒருமுறை செய்துகாட்டுங்கள்.

காரை நிறுத்தினால்

ஓரங்கட்டுங்கள், உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். உரிமம், பதிவு, இன்ஷூரன்ஸ் மூன்றும் ஓட்டுநர் காட்ட வேண்டியவை. டிக்கெட் எழுத ஆகும் நேரத்துக்கு மேல் காரணமில்லாமல் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2015இல் ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலை முடிந்தது என்று தெரிந்தால், "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" என்று அமைதியாகக் கேளுங்கள். காரைச் சோதிக்கட்டுமா என்றால், "ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று சொல்லலாம். சொன்ன பிறகும் சோதித்தால் தடுக்காதீர்கள். மறுத்தீர்கள் என்பது பின்னால் நீதிமன்றத்தில் உதவும்.

எந்த நாட்டுக்காரர், எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் கருத்து: செல்லுபடியாகும் ஐ-94 கையில் இருந்தால் அதைக் காட்டி முடிப்பதே பெரும்பாலும் நல்லது. 2023இன் எஸ்.பி. 4 குற்றமென்று சொல்வது முக்கியமாக நுழைவிடம் தவிர வேறு வழியாக எல்லை தாண்டுவதை. விமான நிலையத்தில் முத்திரை வாங்கி வந்தவர் அதில் வரமாட்டார் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. ஐ-94 முடிந்துவிட்டவர்கள், வழக்கு நடப்பவர்கள் பேசாமல் இருந்து வக்கீலைக் கேட்பதுதான் சரி.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதது ஒன்று: பதற்றத்தில் "ஐ ஆம் எ சிட்டிசன்" என்று சொல்வது. குடியுரிமை உண்டென்று பொய் சொல்வது ஃபெடரல் குற்றம். அதைவிடப் பெரிது, கிரீன் கார்டு வாய்ப்பையே வாழ்நாளுக்கும் மூடிவிடக்கூடியது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் பேச்சுவாக்கில் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

சவுத் பேட்ரே தீவுக்குப் போய்த் திரும்பும் வழியில் சரிட்டாவிலோ ஃபல்ஃபூரியஸிலோ உள்ள சோதனைச்சாவடி மாநிலத்துடையது அல்ல, ஃபெடரல் எல்லைக் காவல் படையுடையது. அங்கே குடியேற்ற நிலையைக் கேட்பதுதான் வேலையே. குடும்பத்தில் எல்லோருடைய தாளும் காரில் இருக்கட்டும்.

கவுண்டி சிறைக்குப் போய்விட்டால்

கைரேகை போனபின் ஐ.சி.இ. விரும்பினால் சிறைக்கு ஐ-247ஏ என்ற 'டிடெய்னர்' அனுப்பும். விடுதலையாக வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள் என்ற வேண்டுகோள் அது. உடன் வரும் ஐ-200, ஐ-205 என்ற வாரன்டுகளில் கையெழுத்திடுவது நீதிபதி அல்ல, குடியேற்ற அதிகாரி. ஃபெடரல் சட்டப்படி டிடெய்னர் கட்டளையல்ல, வேண்டுகோள்தான் என்று மூன்றாவது சர்க்யூட் 2014இல் தீர்ப்பளித்தது. ஆனால் டெக்சாஸில் மாநிலச் சட்டமே அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

குடும்பத்தினர் முதலில் கேட்க வேண்டியது, "டிடெய்னர் இருக்கிறதா? நகல் வேண்டும்." ஜாமீன் கட்ட ஓடும் முன்பே இதைக் கேளுங்கள். டிடெய்னர் இருக்கும்போது ஜாமீன் கட்டினால் ஆள் வீட்டுக்கு வராமல் நேராக ஐ.சி.இ. கைக்குப் போகலாம். கிரிமினல் வக்கீல் மட்டும் போதாது, குடியேற்ற வக்கீலும் வேண்டும். சின்னக் குற்றந்தானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம் என்பது குடிமகனுக்குச் சரி. விசாவில் இருப்பவருக்கு அதே ஒப்புதல் நாடுகடத்தலில் முடியலாம். அந்த விளைவைச் சொல்லாத வக்கீல் கடமை தவறியவர் என்று 2010இல் பதில்லா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. உள்ளே, தானாக நாட்டைவிட்டுப் போகச் சம்மதம் என்ற தாளை நீட்டினால் வக்கீல் படிக்கும்வரை கையெழுத்துப் போடக் கூடாது.

தூதரகம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். இந்தியர், இலங்கையர் என்றால் கைதானவர் கேட்டால்தான் தெரிவிப்பார்கள், எனவே கேட்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்களுக்குக் கேட்காமலே தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியாவுக்கு நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டிலில் துணைத் தூதரகங்கள் உண்டு.

ஐ.சி.இ. கைக்குப் போய்விட்டால், அதன் இணையதளத்திலுள்ள 'லொக்கேட்டர்' பக்கத்தில் ஏ-எண்ணும் பிறந்த நாடும் போட்டுத் தேடலாம். ஏ-எண் என்பது வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் எண், ஒன்பது இலக்கம். கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டையில் இருக்கும். எச்-4, எச்-1பி ஆட்கள் பலருக்கு அது இருக்காது, பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். அப்போதும் எஃப்.என்.யு. கதைதான். முதலில் ஐ-94இல் உள்ளபடி, பிறகு பெயரைத் திருப்பிப் போட்டு, பிறகு முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. போட்டு, மூன்று வகையிலும் தேடுங்கள். இடம் மாற்றும்போது சில மணி நேரம் எதிலும் பெயர் வராது. விடாமல் மறுபடி பாருங்கள். ஐ-94இல் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்தில், பாஸ்போர்ட் எண்ணோடும் வக்கீல் எண்ணோடும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில் இன்றே வைத்துவிடுங்கள்.